பங்கிட்டுக்கொண்ட பொறிகள்: மேசைக் கணனிகளின் இடத்துரி வலையமைப்பு வரலாறு, 1973–1990

முன்னுரை

ஒரே கட்டடத்தில் அல்லது ஒரே வளவினுள் அமைந்த கணனிகளைக் கம்பியினால் தொடுத்து, ஒன்றிடமுள்ள வளத்தை மற்றையவையும் பயன்படுத்துமாறு செய்யும் ஏற்பாடே இடத்துரி வலையமைப்பு எனப்படுகின்றது. இன்று பல்கலைக்கழகங்களிலும் காரியாலயங்களிலும் இவ்வேற்பாடு நீர்க்குழாயையும் மின்கம்பியையும் போன்று சாதாரணமாகிவிட்டது. சாதாரணமாகிவிட்ட ஒரு பொருளுக்கு வரலாறு உண்டென்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். அவ்வரலாற்றின் முதற் பதினேழு ஆண்டுகளை, அதாவது 1973 முதல் 1990 வரையுள்ள காலப்பகுதியை, நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயம் பற்றி வழங்கிவரும் கருத்துகள் இரண்டு. றொபேட் மெற்காஃப் என்னும் தனி மேதையின் சிந்தனையில் 1973 ஆம் ஆண்டு உதித்ததே ஈதர்நெற் என்னும் வலையமைப்பு என்பது ஒன்று. பல வலையமைப்புகள் போட்டியிட்ட வேளையில் வேகமும் சிறப்பும் மிக்கதே வென்றது, ஏனையவை தகுதியின்மையால் மறைந்தன என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இவை வரலாற்றை விளக்குவதற்குப் போதியவையல்ல. முதலாவது, சமூகத் தேவையை விடுத்துத் தனிமனிதனை முதன்மைப்படுத்துகின்றது. இரண்டாவது, வென்றதன் அளவுகோலையே எல்லாவற்றிற்கும் அளவுகோலாக்கிவிடுகின்றது.

எப்பொருள் அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்ததோ, அப்பொருளைப் பங்கிட்டுக்கொள்ளும் தேவையே ஒவ்வொரு வலையமைப்பினதும் வடிவத்தைத் தீர்மானித்தது. அவற்றுள் எதன் விதிகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டனவோ, அதுவே காலத்தைக் கடந்து நிலைத்தது. இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து இதுவேயாகும்.

கூட்டிலிருந்து தனிமைக்கு

கணனி தோன்றிய காலத்தில் அது ஒரு நிறுவனம் முழுவதற்கும் ஒன்றாகவே இருந்தது. 1961 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோவும் அவர் குழுவினரும் நேரப்பகிர்வு என்னும் முறையைச் செய்து காட்டினர். ஒரு பெருங்கணனியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பல முடிவிடங்களில் அமர்ந்திருப்போருக்கு மாறி மாறி வழங்குவதே இம்முறையின் சாரம். முடிவிடம் என்பது தட்டச்சுப் பலகையும் எழுத்தைக் காட்டும் கருவியுமேயன்றித் தானாக எதையும் கணிக்கும் ஆற்றல் உடையதன்று. எனவே பயன்படுத்துவோர் எல்லோரும் ஒரே பொறியின் தயவில் இருந்தனர். அப்பொறி நின்றால் எல்லோருடைய வேலையும் நின்றது. ஆனால் அவர்களது கோப்புகள் ஒரே இடத்தில் இருந்தமையால் ஒருவர் எழுதியதை மற்றவர் பெறுவது எளிதாக இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

1971 இல் இன்ரெல் நிறுவனம் முதலாவது நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. 1977 இல் அப்பிள் II, கொமடோர் பெற், ரி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்று சிறு கணனிகள் சந்தைக்கு வந்தன. 1981 ஓகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணனி அறிமுகமாயிற்று. இவற்றினால் கணிக்கும் ஆற்றல் ஒவ்வொருவரின் மேசைக்கும் வந்துசேர்ந்தது. இது பெரியதொரு விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் கணிக்கும் ஆற்றல் மலிந்த வேகத்தில் ஏனைய உறுப்புகள் மலியவில்லை. வன்தட்டும் தரமான அச்சுப்பொறியும் சில வேளைகளில் கணனியையே விஞ்சும் விலையுடையனவாக இருந்தன. தனக்கென ஒரு பொறியைப் பெற்றவர் பொதுக் கோப்பையும் பொது அச்சுப்பொறியையும் இழந்தார். தனிமையின் சுதந்திரத்தை விடாமற் கூட்டின் வசதியை மீட்பது எவ்வாறு என்பதே இக்காலத்தின் வினாவாயிற்று. இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளே நாம் நோக்கவிருக்கும் வலையமைப்புகள்.

ஆய்வுகூடமும் லேசர் அச்சுப்பொறியும்

இவ்வினாவைப் பிறருக்கு முன்னரே எதிர்கொண்ட இடம் கலிபோர்ணியாவின் பாலோ அல்ற்றோ நகரில் 1970 இல் செறொக்ஸ் நிறுவனம் அமைத்த ஆய்வு நிலையமாகும். அங்கு 1973 இல் அல்ற்றோ என்னும் கணனி இயங்கத் தொடங்கியது. சக் தக்கர், பட்லர் லம்சன் முதலியோரின் உழைப்பில் உருவான இப்பொறி, ஒருவர் தனித்துப் பயன்படுத்துவதற்கென அமைக்கப்பட்டது. அதே நிலையத்தில் கரி ஸ்ராக்வெதர் லேசர் ஒளிக்கற்றையால் அச்சிடும் பொறியொன்றை உருவாக்கியிருந்தார். அங்குலத்திற்கு 500 புள்ளிகள் என்னும் நுண்மையில் செக்கனுக்கு ஒரு பக்கம் அச்சிடத்தக்க அப்பொறியை ஒவ்வொரு மேசைக்கும் ஒன்றாக வழங்குவதை எவரும் எண்ணியும் பார்த்திருக்க முடியாது.

இங்கு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் தகும். எட்டரை அங்குல அகலமும் பதினொரு அங்குல நீளமும் உடைய தாளொன்றில் அந்நுண்மையில் ஏறத்தாழ 2 கோடியே 34 இலட்சம் புள்ளிகள் அடங்கும். ஒரு புள்ளிக்கு ஒரு பிற்று என வைத்து, செக்கனுக்கு 9,600 பிற்றுகளைக் கடத்தும் சாதாரண முடிவிடக் கம்பியில் இப்பக்கத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பின் நாற்பது நிமிடங்கள் செல்லும். ஈதர்நெற்றின் முதல் வடிவமோ செக்கனுக்கு 29 இலட்சத்து 40 ஆயிரம் பிற்றுகளைக் கடத்தியது. அதன் வழியே அதே பக்கம் எட்டுச் செக்கன்களில் முழுமையாகச் சென்றுவிடும். நடைமுறையில் எழுத்துகளின் குறியீடுகளை மட்டும் அனுப்பி, அச்சிடும் இடத்திலேயே எழுத்துருவை ஆக்கியமையால் இதனினும் குறைந்த அளவே போதுமாயிற்று. எனினும் அக்காலத்துக் கம்பித் தொடர்பு அச்சுப்பொறிக்கு ஈடுகொடுக்க இயலாதிருந்தது என்பதை இக்கணக்குத் தெளிவாக்குகின்றது. அவ்வாய்வு நிலையத்தின் அச்சிடும் ஏற்பாட்டிற்கு வழங்கிய ‘இயர்ஸ்’ என்னும் பெயர் ஈதர்நெற், அல்ற்றோ, எழுத்துருவாக்கி, லேசர் அச்சுப்பொறி ஆகிய நான்கின் முதலெழுத்துகளால் ஆனது. வலையமைப்பும் அச்சுப்பொறியும் ஒரே தேவையின் இரு பகுதிகள் என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

மெற்காஃப் 1973 மே 22 ஆந் திகதி எழுதிய உள்ளகக் குறிப்பில் ‘ஈதர்’ என்னும் பெயர் வருகின்றது. ஒளி பரவுவதற்கு ஊடகமாக விண்வெளியெங்கும் ஈதர் என்னும் பொருள் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பௌதிகவியலார் கருதினர். 1887 இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த பரிசோதனை அக்கருத்தின் அடித்தளத்தை ஆட்டியது. பௌதிகவியல் கைவிட்ட சொல், எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான ஊடகமாகிய வடத்திற்குப் பெயராயிற்று.

ஆயின் இம்முறையின் கரு அவரிடம் தோன்றியதன்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் தலைமையில் 1971 இல் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பே அதன் முன்னோடியாகும். தீவுகளிற் பரந்து கிடந்த கல்வி நிலையங்களைத் தொலைபேசிக் கம்பியினாலன்றி வானொலி அலையினால் அது மையக் கணனியுடன் இணைத்தது. எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில் விரும்பிய வேளையிற் பேசலாம். இருவர் ஒரே வேளையிற் பேசிச் செய்திகள் மோதிக் கெட்டால், மையத்திலிருந்து ஏற்பு வராமையைக் கண்டு, எழுமாறான ஓர் இடைவெளியின் பின் மீண்டும் அனுப்புவர். இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் உச்சமாக ஏறத்தாழ 18 சதவீதமே பயன்படும். மெற்காஃப் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் இம்முறையைக் கணித ரீதியாக ஆராய்ந்தவர். வடத்தில் இணைந்துள்ள பொறி பேசுமுன் செவிமடுக்கலாம், பேசும்போதும் செவிமடுக்கலாம், மோதுகை நேர்ந்தால் உடனே நிறுத்தலாம். மோதுகை பெருகப் பெருகக் காத்திருக்கும் இடைவெளியையும் நீட்டலாம். இத்திருத்தங்களே அலோஹாவின் குறையைப் போக்கின. இவற்றைப் பொறியாகச் செய்து இயக்குவதில் டேவிட் பொக்ஸ் அவருடன் உழைத்தார். 1977 டிசெம்பரில் வழங்கப்பட்ட அமெரிக்கப் புத்தாக்க உரிமத்தில் மெற்காஃப், பொக்ஸ், தக்கர், லம்சன் என நான்கு பெயர்கள் உள்ளன. தனிமேதைக் கதைக்கு இவ்வுரிமமே மறுப்பாகின்றது.

வங்கியும் வில்லையும்

ஈதர்நெற் ஆய்வுகூடத்தினுள் இருந்த காலத்திலேயே வணிக உலகில் வேறொரு வலையமைப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரிலிருந்த டேற்றாபொயின்ற் நிறுவனம் 1977 இல் வெளியிட்ட ஆர்க்நெற் என்பதே அதுவாகும். நியூயோர்க்கின் சேஸ் மன்ஹற்றன் வங்கியில் அது முதலில் நிறுவப்பட்டது. ‘ஆர்க்’ என்பது ‘இணைக்கப்பட்ட வளக் கணனி’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இங்கும் வளம் என்னும் சொல்லே முன்னிற்பதைக் காணலாம். வேலை பெருகிய நிறுவனம் இருந்த பொறியைக் கழித்துப் பெரியதொன்றை வாங்காது, சிறு பொறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே கோப்புத் தொகுதியைப் பங்கிட்டுக்கொள்ள இது வழிசெய்தது.

ஆர்க்நெற்றில் மோதுகைக்கு இடமில்லை. வில்லை எனப்படும் சிறு செய்தியொன்று பொறிக்குப் பொறி முறைப்படி கைமாறும். அதனைப் பெற்ற பொறியே பேசலாம். ஏனையவை தம் முறைக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க நேரினும் அதற்கொரு மேலெல்லை உண்டு என்பது இம்முறையின் சிறப்பு. 1985 ஒக்ரோபரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த வில்லை வளையமும் இத்தத்துவத்தையே தழுவியது. ஒழுங்கை விரும்பும் பெருநிறுவனங்களுக்கு இது உவப்பாக இருந்ததில் வியப்பில்லை.

முன்னனுமதி பெற்றுப் பேசுவதா, பேசிப் பார்த்து மோதினால் ஒதுங்குவதா என்னும் இவ்விவாதம் 1980 களில் பொறியியலாளரிடையே கடுமையாக நடந்தது. ஈதர்நெற் தன் கொள்ளளவில் 37 சதவீதத்திற்கு மேல் தாங்காது என்றொரு கூற்று அந்நாளிற் பரவலாக வழங்கியது. உண்மையில் அவ்வெண் அலோஹாவின் திருத்திய வடிவமொன்றுக்கு உரியது. பொக்ஸும் அவருடன் இருவரும் 1988 இல் வெளியிட்ட அளவீடுகள் அக்கூற்று ஈதர்நெற்றுக்குப் பொருந்தாதென்பதை உறுதிப்படுத்தின.

வகுப்பறையும் நெகிழ்தட்டும்

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பெருநிறுவனங்களுடன் நின்றுவிடுகின்றன. ஆனால் மேசைக் கணனி வலையமைப்பின் சிறப்பான வேறொரு அத்தியாயம் பிரித்தானியாவின் பாடசாலைகளில் எழுதப்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கணனி அறிவைப் பரப்பும் திட்டமொன்றை மேற்கொண்டு, கேம்பிரிட்ஜ் நகரின் ஏகோர்ண் நிறுவனத்திடம் அதற்கெனக் கணனியொன்றை ஆக்குவித்தது. 1981 டிசெம்பரில் வெளிவந்த அந்த பி.பி.சி. மைக்ரோ ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்குச் சென்றது. பாடசாலையின் இடர்ப்பாடு வங்கியினது போன்றதன்று. வரவு செலவுத் திட்டம் கணனிகளை வாங்குவதுடனேயே முடிந்துவிட்டது. நெகிழ்தட்டு இயக்கியை ஒவ்வொரு பொறிக்கும் வாங்க இயலாது. ஒலிநாடாவை நாடினால் 20 கிலோபைற்று அளவுடைய நிரலொன்றை ஏற்ற ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் தேவை. வகுப்பிலுள்ள ஒவ்வொரு பொறியிலும் இதனைச் செய்து முடிக்குமுன் பாடவேளையின் ஒரு பகுதி கழிந்துவிடும்.

இதற்கு ஏகோர்ண் அளித்த விடையே எக்கோநெற். பொறிக்குள் சில நுண்சுற்றுகளைப் பொருத்தி, பின்புறத்தில் ஐந்து முனைகளுடைய செருகியை மாட்டினாற் போதும். வடத்தினுள் இரு சோடிக் கம்பிகளும் ஒரு புவித்தொடுப்பும் இருந்தன. ஒரு சோடி தரவையும் மற்றைய சோடி மணித்துடிப்பையும் ஏந்தின. துடிப்பை வழங்குவதற்கு மணிப்பெட்டி ஒன்று வடத்தில் எங்கேனும் இருத்தல் வேண்டும். வடத்தின் இரு முனைகளிலும் முடிப்பிகளைப் பொருத்துதல் வேண்டும், இல்லையேற் சைகை முனையில் தெறித்துத் திரும்பி மற்றைய செய்திகளைக் குழப்பும். வடம் நீண்டால் துடிப்பின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். 1 முதல் 254 வரையான நிலைய இலக்கமொன்று ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியாக இடப்படும், இரு பொறிகளுக்கு ஒரே இலக்கம் அமைந்தால் இரண்டும் குழம்பும். இவற்றைச் செய்தபின், தட்டு இயக்கியுடன் கூடிய ஒரு கணனியைக் கோப்புச் சேவையகமாக்கினால், முழு வகுப்பும் ஒரு தட்டையும் ஓர் அச்சுப்பொறியையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இதன் வேகம் செக்கனுக்கு இரண்டு இலட்சம் பிற்றுகளை ஒட்டியது, அதாவது பாலோ அல்ற்றோவின் முதல் ஈதர்நெற்றில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. ஆயினும் ஒலிநாடாவில் மூன்று நிமிடங்கள் எடுத்த நிரல், கம்பியின் வேகத்தை மட்டும் கணக்கிட்டால், ஒரு செக்கனில் வந்துவிடும். பலர் ஒரே வேளையிற் கேட்டால் தாமதம் நேர்வது உண்மையே. ஆனால் அத்தாமதமும் பழைய நிலையுடன் ஒப்பிடுமிடத்துப் பெரிதன்று. வேகத்தை அதன் தேவையுடன் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதற்கு எக்கோநெற் தக்க எடுத்துக்காட்டாகும்.

பங்கிடுதல் என்பது அதிகாரத்தையும் உடன்கொண்டு வருகின்றது என்பதையும் இவ்வகுப்பறை காட்டியது. மாணவர் தம் பெயரை ‘நான் இன்னார்’ எனப் பொருள்படும் கட்டளையாற் பதிந்தே சேவையகத்தினுட் புகுந்தனர். ஒரு பொறியின் திரையில் உள்ளதை மற்றொரு பொறியிலிருந்து பார்ப்பதற்கும், தொலைவிலிருந்து அதனை இயக்குவதற்கும் கட்டளைகள் இருந்தன. ஆசிரியர் மாணவரைக் கண்காணிக்க உதவிய இக்கருவி குறும்புக்கார மாணவரின் கையிலும் அகப்படக்கூடியதே. எனவே தன் பொறியைப் பிறர் பாராது காக்கும் கட்டளையும் உடன் வழங்கப்பட்டது. இன்று பெரிதாகப் பேசப்படும் அந்தரங்கமும் கண்காணிப்பும் பற்றிய பிரச்சினையின் சிறு வடிவத்தை இங்கேயே நாம் காண்கின்றோம்.

காரியாலய மேசையும் கோப்பும்

1984 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மக்கின்ரோஷ் கணனியை 2,495 டொலர் விலையில் வெளியிட்டது. மறு ஆண்டில் அதே நிறுவனத்தின் லேசர் றைற்றர் என்னும் அச்சுப்பொறி 6,995 டொலர் விலையுடன் வந்தது. அச்சுப்பொறியினுள் இருந்த செயலி மக்கின்ரோஷின் செயலியை விட விரைவானது. இத்தகைய பொறியைத் தனியொருவர் வாங்குவது அரிது. ஏழு பேர் பங்கிட்டால் ஒருவருக்கு ஆயிரம் டொலருக்குட் பங்கு வரும். பங்கிடுவதற்கான வலையமைப்புச் சுற்று மக்கின்ரோஷினுள் ஏற்கனவே இருந்தது. தனியே அட்டை வாங்க வேண்டியதில்லை. வேகம் செக்கனுக்கு 2 இலட்சத்து 30 ஆயிரத்து 400 பிற்றுகள், நீளம் 300 மீற்றர், பொறிகள் 32 என்பன இதன் எல்லைகள். பொறியொன்று இயக்கப்பட்டவுடன் தனக்கென ஓர் இலக்கத்தைத் தானே தெரிந்து, அது வேறெவருக்கும் உரியதா எனக் கேட்டு, மறுப்பு வராவிடின் அதனையே ஏற்கும். எக்கோநெற்றில் மனிதர் கையால் இட்ட இலக்கத்தை இங்கு பொறியே இட்டுக்கொண்டது. பின்னர் ஃபரலோன் நிறுவனம் சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே இதனை இயக்கும் இணைப்பியை விற்றது.

ஐ.பி.எம். வழிவந்த கணனிகளின் உலகில் அரிதாக இருந்தது வன்தட்டு. தொடக்கத்தில் தட்டையே பகுதி பகுதியாகப் பிரித்துப் பலருக்கு வழங்கும் முறை கையாளப்பட்டது. ஒரே பகுதியில் இருவர் எழுத முற்படின் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே அழித்துவிடும் ஆபத்து அதில் இருந்தது. 1983 இல் வெளிவந்த நொவெல் நிறுவனத்தின் நெற்வெயர் இதனை வேறுவிதமாக அணுகியது. தட்டை எவருக்கும் நேரே வழங்காது, கோப்பைக் கேட்போருக்குக் கோப்பை வழங்கி, ஒருவர் அதில் எழுதும்போது மற்றவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பைச் சேவையகமே ஏற்றது. பொருளைப் பங்கிடுவதிலிருந்து எழுத்தைப் பங்கிடுவதற்கு மாறிய இம்மாற்றம் கம்பியின் வேகத்தினும் முக்கியமானது எனலாம். பலவகைக் கம்பிகளின் மேலும் நெற்வெயர் இயங்கியமையால், கம்பி எதுவாயினும் பயன்படுத்துவோருக்கு ஒன்றே என்னும் நிலை உருவாகத் தொடங்கியது.

திறந்த விதியின் வெற்றி

இவ்வாறு பல வலையமைப்புகள் தத்தம் களத்தில் தகுதியுடன் இயங்கிய வேளையில் ஈதர்நெற் மட்டும் எங்ஙனம் எல்லைகளைக் கடந்தது? 1979 இல் மெற்காஃப் செறொக்ஸிலிருந்து விலகி 3கொம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். டிஜிற்றல், இன்ரெல், செறொக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி 1980 செப்ரெம்பர் 30 ஆந் திகதி ஈதர்நெற்றின் விதிகளை நூல்வடிவில் வெளியிட்டன. வேகம் செக்கனுக்கு ஒரு கோடி பிற்றுகளாக உயர்த்தப்பட்டது. அல்ற்றோவின் எட்டுப் பிற்று முகவரியால் 256 பொறிகளையே சுட்டலாம். புதிய 48 பிற்று முகவரியாலோ 281 இலட்சம் கோடிக்கு மேற்பட்டவற்றைச் சுட்டலாம். உலகிலுள்ள எந்த இரு பொறிகளுக்கும் ஒரே இலக்கம் அமையாதிருக்க இது வழிசெய்தது. அமெரிக்காவின் மின், இலத்திரன் பொறியியலாளர் நிறுவகம் 1980 பெப்ரவரியில் ஆரம்பித்த 802 ஆம் இலக்கத் திட்டத்தில் இவ்விதிகள் ஆராயப்பட்டு, சிறு மாற்றங்களுடன் 1983 இல் நியமமாக அங்கீகரிக்கப்பட்டன.

வில்லை வளையமும் அதே நிறுவகத்தின் நியமமே. ஆயின் அதன் சந்தை பெரிதும் ஐ.பி.எம். நிறுவனத்தையே சார்ந்திருந்தது. ஈதர்நெற் அட்டைகளைப் பல நிறுவனங்கள் போட்டியிட்டு உற்பத்தி செய்தமையால் விலை வீழ்ந்தது. எக்கோநெற், அப்பிளின் வலையமைப்பு போன்றனவோ தத்தம் நிறுவனத்துப் பொறிகளின் எல்லைக்குள்ளேயே வளர்ந்தன. ஓர் ஏகோர்ண் கணனியையும் ஓர் அப்பிள் கணனியையும் கொண்ட பாடசாலையில் அவை அருகருகே இருந்தும் ஊமைகளாகவே இருந்தன. அந்நிறுவனங்களின் சந்தை சுருங்கியபோதும், அவை வேறு வழியை நாடியபோதும், அவ்வலையமைப்புகளும் ஒடுங்கின.

ஈதர்நெற்றிலும் இடர்கள் இல்லாமலில்லை. தடித்த ஓரச்சு வடத்தின் ஒரு துண்டு 500 மீற்றர் வரை செல்லலாம். ஆனால் அதனை வளைப்பதே கடினம். மெல்லிய வடம் மலிவானது. அதன் எல்லை 185 மீற்றரும் 30 பொறிகளுமாகும். அவ்வடம் ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்கென மேசை மேசையாகச் சென்றது. இடையில் ஒருவர் தம் மேசையை நகர்த்துகையில் இணைப்பு விடுபட்டால் அத்துண்டில் உள்ள அனைவரின் தொடர்பும் அற்றுப்போம். நேரப்பகிர்வுக் காலத்தில் ஒரு பொறியின் தயவில் இருந்தோர் இப்போது ஒருவர் மற்றவரின் தயவில் இருக்கலாயினர். 1990 இல் முறுக்கிய கம்பிச் சோடிக்கான நியமம் வந்ததும் இந்நிலை மாறியது. ஒவ்வொரு பொறிக்கும் தனிக்கம்பி, நடுவே ஒரு குவியம், கம்பி ஒவ்வொன்றும் 100 மீற்றருக்கு உட்பட்டது என்னும் ஏற்பாடு பரவிற்று. ஒரு கம்பி பழுதுற்றால் ஒரு பொறியே பாதிக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆளியிடு கருவிகள் வரத்தொடங்கின. இவை பொதியைப் பெற்று, உரிய கம்பிக்கு மட்டும் அனுப்பும். இருதிசைகளிலும் ஒருங்கே பேசும் வசதியும் பின்னர் சேர்ந்தது. அத்துடன் மோதுகைக்கே இடமில்லாது போயிற்று. எத்தத்துவத்திற்காக ஈதர்நெற் போற்றப்பட்டும் தூற்றப்பட்டும் வந்ததோ, அத்தத்துவம் இன்றைய கம்பி ஈதர்நெற்றில் இல்லை. பொதுவடமாகிய ஈதரும் இல்லை. எஞ்சியிருப்பன 48 பிற்று முகவரியும் பொதியின் கட்டமைப்பும், அவற்றை எவரும் பின்பற்றலாம் என்னும் உடன்பாடும் ஆகும். மோதுகையைச் சமாளிக்கும் நுட்பமே வெற்றிக்குக் காரணம் என்போர் இவ்வுண்மையை நோக்குதல் வேண்டும். நுட்பம் உதிர்ந்தது. பொது விதி நின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். மேசைக் கணனிகளின் வலையமைப்பு பற்றாக்குறையின் பிள்ளை. ஆய்வுகூடத்தில் லேசர் அச்சுப்பொறியும், வங்கியில் கோப்புத் தொகுதியும், வகுப்பறையில் நெகிழ்தட்டும், காரியாலயத்தில் வன்தட்டும் அரிதாக இருந்தன. அவ்வரிய பொருளுக்கேற்பவே கம்பியின் தன்மையும் வேகமும் செலவும் அமைந்தன. இது முதலாவது. நிலைத்தலும் தகுதியும் ஒன்றல்ல என்பது இரண்டாவது. எக்கோநெற் தன் வகுப்பறைக்குச் செய்த பணியை அக்காலத்து ஈதர்நெற் அதே செலவிற் செய்திருக்க இயலாது. அது மறைந்தமைக்குக் காரணம் வேகக்குறைவு மட்டுமன்று, ஒரு நிறுவனத்தின் வாழ்வுடன் தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டமையுமாகும். அப்பிள் நிறுவனமும் தன் பழைய வலையமைப்பு விதிகளுக்கான ஆதரவை 2009 இல் நிறுத்திவிட்டது.

இம்முடிவுகள் பழம்பொருட் பாதுகாப்புக்கும் பொருந்தும். இன்று பல நாடுகளிலும் பழங்கணனிகளைச் சேகரித்துக் காக்கும் ஆர்வலரும் அரும்பொருளகங்களும் உள்ளனர். இங்கிலாந்தின் பிளெச்லி பார்க் வளவிலுள்ள தேசிய கணனி அரும்பொருளகத்தில் பி.பி.சி. மைக்ரோக்கள் நிறைந்த வகுப்பறையொன்று பேணப்படுகின்றது. கண்ணாடிப் பேழையினுள் தனியே வைக்கப்பட்ட கணனி தன்னைப் பற்றி மட்டுமே கூறும். அதனைப் பயன்படுத்தியோர் எதனைப் பங்கிட்டனர், எவருக்காகக் காத்திருந்தனர், எவரால் பார்க்கப்பட்டனர் என்பனவற்றை அது கூறாது. அவற்றை அறிவதற்கு வடமும் முடிப்பியும் மணிப்பெட்டியும் சேவையகத்தின் நிரலும், யாவற்றிற்கும் மேலாக அவை பேசிய விதிகளின் ஏடும் வேண்டும். பொறிகளுள் ஒன்று எஞ்சினும் பொறி எஞ்சியதாகும். ஆனால் இரண்டு எஞ்சி அவற்றிடையே விதி எஞ்சாவிடின் வலையமைப்பு எஞ்சியதாகாது. வரலாற்று மாணவர் பொறிகளின் பட்டியலை ஆக்குவதுடன் நில்லாது, பொறிகளுக்கிடையே இருந்த உடன்பாடுகளையும் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும். கம்பியால் இணைந்த கணனிகளின் வரலாறு, இறுதியில், எதைப் பொதுவாக வைத்துக்கொள்வது என மனிதர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடுகளின் வரலாறேயாகும்.